கைப்பிடி பிஞ்சு வராத டிராவல் பேக்: நம்ம கடற்கரை ஊருக்கு ஏத்த மாதிரி வீட்லயே தைக்கிறது எப்படி

துணி டிராவல் பேக்ல முதல்ல போறது எதுன்னு பாத்தீங்கன்னா ஒண்ணு ஜிப்பு, இல்லனா கைப்பிடி. துணி புதுசு மாதிரியே இருக்கும், ஓரத்து தையல் கூட அசையாது, ஆனா பஸ்ஸ விட்டு இறங்குறப்ப ஒரு பக்கத்து கைப்பிடி மட்டும் துணிய பேத்துக்கிட்டு கையோட வந்துரும். பேக் பழசாயிருச்சுன்னு தூக்கிப் போட்டுட்டு அடுத்தத வாங்குவோம், அதுவும் அதே எடத்துல பிய்யும். கைப்பிடிய எந்த எடத்துல, எத பிடிச்சு தச்சிருக்காங்கங்கறதுதான் விஷயம், வயசு இல்ல. அதனால நான் பேக் தைக்க சொல்லிக் குடுக்குறப்ப துணியில இருந்து ஆரம்பிக்க மாட்டேன், கைப்பிடியில இருந்துதான் ஆரம்பிப்பேன். கைப்பிடி எங்க வருதுன்னு முடிவு பண்ணிட்டா மத்தது எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி தானா வந்து உக்காந்துரும்.

கடைல கிடைக்குற விலை கம்மியான பேக்குல என்ன பண்ணுவாங்கன்னா, ரெண்டு துண்டு பெல்ட்ட எடுத்து, நுனிய மடிச்சு, பேக்கோட மேல் பக்கத்துல துணி மேலயே ஒரு சின்ன கட்டம் போட்டு தச்சு விட்டுருவாங்க. 20 கிலோ சாமான் வச்சு தூக்குறப்ப அந்த மொத்த பாரமும் நாலு எடத்துல துணிய பிடிச்சு தொங்குது. வலை இழுக்குறவங்கள பாருங்க, யாரும் கண்ணிய பிடிச்சு இழுக்க மாட்டாங்க, ஓரத்துல ஓடுற கயிறத்தான் பிடிப்பாங்க, பாரம் கயிறுல போகும், கண்ணி மீன பிடிச்சு வச்சா போதும். பேக்கும் அப்படித்தான் இருக்கணும். பெல்ட்டு பேக்கோட அடிய சுத்தி முழுசா ஓடணும், ரெண்டு பக்கமும் ஏறி வந்து அதுவே கைப்பிடியா வளையணும், அப்ப நீங்க தூக்குறது பெல்ட்ட, பெல்ட்டு தூக்குறது சாமான, துணிக்கு சாமான் சிதறாம மூடி வைக்கிற வேலை மட்டும்தான்.

இப்ப பொருள் வாங்குறதுல வருவோம், நம்ம பக்கம் இதுல கொஞ்சம் கவனமா இருக்கணும். தனுஷ்கோடி, பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் எங்க போனாலும் காத்துல உப்பு இருக்கு, 1914ல திறந்த பழைய பாம்பன் பாலத்துல துருவோட மல்லுக்கட்டியே நூறு வருஷத்துக்கு மேல ஓட்டுனாங்கன்னா ஜிப்ப திறந்து மூடுற ஒரு சின்ன ரன்னர் எம்மாத்திரம். உப்பு தானா ஈரத்த இழுத்து வச்சுக்கும், அதனால மழையே இல்லாத மாசத்துல கூட அலமாரிக்குள்ள இருக்குற பேக்குல ஈரப்பதம் இருந்துக்கிட்டே இருக்கும். அதோட வெயிலு. கடல விட்டு தள்ளி உள்ள இருக்குற ஊர்க்காரங்களுக்கு பல வருஷம் வர்ற பேக் நமக்கு சீக்கிரமே போயிருதுங்கறது இதனாலதான்.

பெல்ட்டு மூணு வகையா கிடைக்கும், பாலிபுரோப்பிலீன், நைலான், பாலியஸ்டர். கடைக்காரர் எல்லாத்தையும் நைலான் பெல்ட்டுன்னுதான் சொல்லுவாரு. பாலிபுரோப்பிலீன் விலை கம்மி, தண்ணி குடிக்காது, ஆனா வெயில்ல கெட்டுப் போற வகை, கரையில வெயில்ல கிடந்த பிளாஸ்டிக் கயிறு கையில எடுத்தா பொடிப்பொடியா உதிரும் பாருங்க, அதேதான் பெல்ட்டுக்கும் ஆகும். நைலான் நல்ல பலம், கைக்கு மெத்துனு இருக்கும், ஆனா ஈரத்த உறிஞ்சி நீளும், நனைஞ்சா பலமும் கொஞ்சம் குறையும். பாலியஸ்டர் அதிகமா நீளாது, தண்ணி அவ்வளவா குடிக்காது, வெயிலயும் மத்த ரெண்ட விட தாங்கும், அதனால நம்ம ஊருக்கு என்னோட ஓட்டு பாலியஸ்டருக்குத்தான். கடைல எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஒரு இஞ்ச் துண்டு வெட்டி வாங்கி ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள போட்டு, உள்ள இருக்குற காத்து போறமாதிரி விரலால நல்லா அமுக்கி விடுங்க. மிதந்துச்சுன்னா பாலிபுரோப்பிலீன், தண்ணிய விட லேசு அது. முங்குச்சுன்னா நைலானோ பாலியஸ்டரோ. அகலம் 38 மில்லி மீட்டர் எடுங்க, ஒன்றரை இஞ்ச் பெல்ட்டுன்னு கேட்டா குடுப்பாங்க. 25 மில்லி எடுத்தா பலம் போதும்தான், ஆனா கை வெட்டும், தைக்கிறதுக்கும் எடம் பத்தாது.

துணிக்கு டெனியர்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, 9,000 மீட்டர் நூலோட எடை எத்தன கிராம்ங்கறதுதான் டெனியர், நம்பர் கூடக் கூட நூல் தடிமன் கூடும். ஸ்கூல் பேக் எல்லாம் பெரும்பாலும் 600 டெனியர் பாலியஸ்டர்ல வரும். டிராவல் பேக்குக்கு 1000 இல்லனா 1680 டெனியர் எடுங்க. உரசலுக்கு நைலான் துணி கெட்டி, வெயிலுக்கு பாலியஸ்டர் கெட்டி, பஸ் மேலயும் ஆட்டோ மேலயும் போட்டு கட்டுற பேக்குன்னா பாலியஸ்டரே போதும். துணியோட பின்பக்கம் ஒரு பூச்சு இருக்கும், தண்ணி உள்ள போகாம இருக்க. விலை கம்மியான பாலியூரித்தேன் பூச்சு நம்ம புழுக்கத்துல ரெண்டு மூணு வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி செதில் செதிலா உரியும், பழைய பேக்க திறந்தா உள்ள ஒட்டிக்கிட்டு ஒரு நாத்தம் வருமே அது இதுதான், ஈரமும் சூடும் சேந்து அந்தப் பூச்ச உடைச்சுரும். பிவிசி பூச்சு போட்டது கொஞ்சம் கனம், ஆனா புழுக்கத்துக்கு நிக்கும். ரெக்சின் கைப்பிடி உறை பிஞ்சு கையில கருப்பா ஒட்டுறதும் இதே கதைதான், அதனால கைப்பிடிக்கு ரெக்சின் சுத்தாதீங்க.

ஜிப்பு பத்தாம் நம்பர் நைலான் காயில் ஜிப்பு, அதாவது பல்லு சுருள் மாதிரி ஓடுற வகை, வாங்குங்க, இல்லனா எட்டாம் நம்பராவது. அஞ்சாம் நம்பர் பாக்கெட்டுக்கு. உலோகப் பல்லு வச்ச ஜிப்பு பாக்க ஜோரா இருக்கும், நம்ம ஊர்ல வேணாம், பல்லு மேல பச்சையும் வெள்ளையுமா பூத்துப்போய் ஒருநாள் அசையவே அசையாது. காயில் ஜிப்புல ஒரு பெரிய வசதி என்னன்னா நடுவுல விரிஞ்சாலும் ரன்னர பின்னாடி இழுத்து திருப்பி ஓட்டுனா பல்லு சேந்துக்கும், பிளாஸ்டிக் பல்லு ஜிப்புல ஒரு பல்லு ஒடிஞ்சா அதோட முடிஞ்சது. ஒய்கேகே கம்பெனி ஜிப்பு கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா ரன்னர் கனமா இருக்கான்னு பாத்து வாங்குங்க, பல்லு பதிஞ்ச துணிப் பட்டை, அதான் டேப்பு, எல்லா கம்பெனியிலயும் ஓரளவு ஒண்ணுதான், ரன்னர்தான் காலை வாரும். ரோல்ல இருந்து 70 செ.மீ வெட்டி வாங்கி ரெண்டு ரன்னர் எதிர் எதிரா போட்டுக்குங்க, பூட்டு போடுறதுக்கும் ஆகும்.

டி ரிங்கு (ஆங்கில D வடிவ வளையம்), கொக்கி எல்லாம் முலாம் பூசுன இரும்புல வாங்கவே வாங்காதீங்க. கெட்டி பிளாஸ்டிக் போதும், இல்ல உலோகம்தான் வேணும்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் வச்சு பாருங்க, பச்சக்குனு ஒட்டுனா கீழ வச்சுட்டு வந்துருங்க. ஒட்டிப் பிரிக்கிற வெல்குரோ பட்டையும் வேணாம், கடற்கரை மணலும் நூல் பிசிறும் ஏறி கொஞ்ச நாள்ல ஒட்டாமப் போயிரும்.

நூலு முக்கியம். பருத்தி நூல் போட்டு தச்சா ஈரத்துல இத்துப் போகும். பேக் தைக்கிறதுக்குன்னே மெழுகு பிடிச்ச மாதிரி பளபளன்னு கெட்டி நைலான் நூலும் பாலியஸ்டர் நூலும் ஸ்பூல்ல வரும், அதுல நடுத்தர தடிமன் வாங்குனா வீட்டு மிஷின்லயே ஓடும். அந்த மாதிரி நூல் ஒரு இழைக்கு சுமார் 5 கிலோ இழுவை தாங்கும். ஊசி 18ஆம் நம்பர் போடுங்க. ரெண்டு மூணு ஊசி கையில வச்சுக்குங்க, ஒடியும். தையல் நீளம் 3 மில்லியில இருந்து மூணரைக்குள்ள, பிளவுஸ் தைக்கிற மாதிரி நெருக்கி தைக்கக் கூடாது, நெருங்க நெருங்க ஓட்டை போட்டு துணிய பலவீனமாக்குது, கடைசில அந்த வரிசையிலேயே கிழியும்.

அளவு சொல்றேன். 60 செ.மீ நீளம், 30 அகலம், 30 உயரம், 50 லிட்டருக்கு மேல கொள்ளும். பிளைட்ல லக்கேஜா போடுறதுக்கு நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டி 158 செ.மீக்குள்ள இருக்கணும்னு பெரும்பாலான கம்பெனியில கணக்கு, நம்மளது 120தான். ஒரு பைக்கு 32 கிலோவுக்கு மேல ஏத்த மாட்டாங்க, அது சுமக்குற ஆளுக்காக வச்ச அளவு. கேபின்ல எடுத்துட்டுப் போக வேணும்னா உள்நாட்டு விமானத்துல பொதுவா 55, 35, 25 செ.மீ, 7 கிலோ. துணி பேக் சாமான் வச்சா உப்பும், அதனால கேபினுக்கு 50, 30, 22னு குறைச்சு வெட்டுங்க.

முதல்ல பேக்கோட ரெண்டு நுனியையும் மூடுற பக்கவாட்டு முகம் ரெண்டு வெட்டணும். 33க்கு 33 செ.மீ, சுத்தி 1.5 செ.மீ தையலுக்கு. நாலு மூலையும் வளைச்சு வெட்டுங்க, தையல் கோட்டுல 5 செ.மீ ஆரம் வர்ற மாதிரி, 13 செ.மீ விட்டம் இருக்குற ஒரு கிண்ணத்த கவுத்து வச்சு வெட்டுற கோடு போட்டா கிட்டத்தட்ட வந்துரும். கூர் மூலை வச்சா தைக்கவும் கஷ்டம், தரையில உரசி முதல்ல ஓட்டை விழுறதும் அங்கதான். இப்ப ஓரத்துல இருந்து 1.5 செ.மீ உள்ள தள்ளி சாக்பீஸ்ல கோடு போட்டு, அந்தக் கோட்டு மேல நூல வச்சு சுத்தி அளந்து பாருங்க, 111 செ.மீ சொச்சம் வரும். இத அளக்காம நாலு முப்பது நூத்தி இருபதுன்னு மனக்கணக்கு போட்டு உடம்பு துணிய (அடி, பக்கம், மேல் எல்லாம் சேந்த ஒரே துண்டு) வெட்டுனா கடைசில துணி மிஞ்சி சுருக்கு விழும். ஜிப்பு 2 செ.மீ எடுத்துக்கும், தையலுக்கு 3 செ.மீ சேக்கணும், ஆக உடம்புத் துணி ஒரு பக்கம் 63, இன்னொரு பக்கம் 112 புள்ளி 5 சுத்தி. 58 இஞ்ச் அகலத் துணி ஒரு மீட்டர் வாங்குனா இவ்வளவும் வெட்டி பாக்கெட்டுக்கும் மிஞ்சும். வெட்டுன ஓரத்த மெழுகுவத்தி சுடர்ல லேசா காட்டி எடுத்தா பிசிறு வராது, ரொம்ப கிட்ட கொண்டு போகாதீங்க, கருகுனா அந்த எடம் மொறுமொறுன்னு ஒடியும்.

உடம்புத் துணிய தரையில விரிச்சுப் போடுங்க, 112 செ.மீ பக்கத்துக்கு நடுவுல ஒரு கோடு, அது பேக்கோட அடி. 63 செ.மீ பக்கத்துக்கு நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் 11 செ.மீ தள்ளி ரெண்டு நீளக் கோடு, அதுலதான் பெல்ட்டு ஓடப் போகுது. வெளிப்பாக்கெட் வேணும்னா இப்பவே அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல 20 செ.மீ அகலத்துல வச்சுருங்க, பாக்கெட்டோட ரெண்டு ஓரமும் பெல்ட்டுக்கு அடியில போயிரும், தனியா மடிச்சு தைக்கிற வேலை மிச்சம்.

பெல்ட்ட அடிக்கோட்டுல வச்சு ஆரம்பிங்க. ஒரு கோட்டு மேலயே ஏறி, துணியோட வெட்டு ஓரத்துக்கு 21 செ.மீ முன்னாடி நிப்பாட்டி, அங்க இருந்து 60 செ.மீ பெல்ட்ட சும்மா விடுங்க, அதுதான் கைப்பிடி. திருப்பி அடுத்த கோட்டுல அதே உயரத்துல பிடிச்சு இறக்கி, அடிய கடந்து, எதிர்ப்பக்கம் ஏறி, அங்கயும் 60 விட்டு, இறங்கி வந்து ஆரம்பிச்ச எடத்துலயே சேருங்க. ஒரே பெல்ட்டு, ஒரே வளையம், சேர்ற எடம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் பேக்கோட அடியில. அங்க 10 செ.மீ மேல மேல வர்ற மாதிரி விட்டு ரெண்டு கட்டம் தச்சுக்கலாம். மொத்தம் 270 செ.மீ சுத்தி போகும், பக்கவாட்டு பிடிக்கும் சேத்து 4 மீட்டர் வாங்கிக்குங்க. பெல்ட்டு முறுக்கிக்கிச்சான்னு தைக்கிறதுக்கு முன்னாடி விரல விட்டு முழுசா ஓட்டிப் பாருங்க, ஒரு முறுக்கு விழுந்து தச்சுட்டா பிரிச்சுத்தான் ஆகணும். 60 செ.மீ எதுக்குன்னா, ரெண்டு பக்கத்து கைப்பிடியும் பேக்குக்கு மேல நடுவுல சேந்து ஒரு கை நுழையுற அளவுக்கு இருக்கும். தோள்ல மாட்டணும்னா 75 வரைக்கும் விடலாம், ஆனா உயரம் கம்மியானவங்க கையில பிடிச்சு நடந்தா பேக் தரையில தட்டும், தூக்கப் போறது யாருன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

தைக்கிறப்ப பெல்ட்டோட ரெண்டு ஓரத்துலயும் 3 மில்லி உள்ள தள்ளி ரெண்டு நீள வரி ஓட்டுங்க. கைப்பிடி துணிய விட்டு கிளம்புற அந்த நாலு எடத்துலதான் இந்த பேக்கோட உசுரே இருக்கு, அங்க மட்டும் அவசரப்படாதீங்க. துணிக்கு உள்பக்கம் 8க்கு 8 செ.மீ ஒரு துண்டு துணி வச்சு, பெல்ட்டு, துணி, துண்டு மூணையும் சேத்து 5 செ.மீ உயரத்துக்கு ஒரு செவ்வகம், அதுக்குள்ள ஒரு பெருக்கல் குறி போடணும். கணக்கு போட்டுப் பாருங்க, அந்த செவ்வகமும் பெருக்கல் குறியும் சேந்து தையல் நீளம் 28 செ.மீ வரும், 3 மில்லிக்கு ஒரு தையல்னா 90 தையலுக்கு மேல, ஒண்ணுக்கு 5 கிலோன்னா 400 கிலோவத் தாண்டுது. அப்ப ஏன் 20 கிலோவுக்கே பிய்யுதுன்னு கேப்பீங்க. ஏன்னா 90 தையலும் ஒண்ணா சேந்து இழுக்குறது, பெல்ட்டு துணியோட ஒட்டி நேரா மேல போற வரைக்கும்தான். பஸ் மேல இருந்து ஒருத்தர் ஒரு கைப்பிடிய மட்டும் பிடிச்சு வெளிப்பக்கமா வெடுக்குனு இழுத்தா பெல்ட்டு துணிய விட்டு உரியுற மாதிரி வருது, அப்ப மேல் வரிசையில இருக்குற பத்து பன்னெண்டு தையல் மட்டும்தான் பாரத்த வாங்குது, அது போனா அடுத்த வரிசை, அப்படியே வரிசையா போயிரும்.

அதனால செவ்வகத்தோட மேல் விளிம்புல, கைப்பிடி கிளம்புற கோட்டுலயே, குறுக்கால முன்னயும் பின்னயும் மூணு நாலு தடவ தையல் ஓட்டி ஒரு கெட்டிப் பட்டை மாதிரி ஆக்குங்க, ஜிக்ஜாக் மிஷின்னா நெருக்கமா ஜிக்ஜாக் வச்சு ஒரு பட்டை. நெருக்கித் தைக்கக் கூடாதுன்னு மேல சொன்னேனே, இங்க மட்டும் பரவால்ல, ஏன்னா உள்ள வச்ச துண்டுத் துணி அந்த ஓட்டையெல்லாம் தாங்கிக்கும். அந்தத் துண்டு தையல் கட்டத்த விட சுத்தி ஒரு ஒன்றரை செ.மீ வெளிய வரணும், கட்டத்தோட அளவுக்கே வெட்டுனா கட்டத்த சுத்தியே துணி கிழியும். உஷா, சிங்கர் மாதிரி கால் மிஷின்ல இந்த தடிமன் தைக்கிறப்ப மிதிக்காம சக்கரத்த கையால சுத்துங்க, ஊசி நேரா இறங்கும். மிஷின் ஏறவே இல்லன்னா செருப்பு தைக்கிறவங்க கிட்ட குடுத்து குத்தூசில போட்டு வாங்குங்க, கூலி கொஞ்சம்தான், வேலை பேக்க விட நாள் நிக்கும்.

கை பிடிக்கிற எடம் அடுத்தது. 60 செ.மீ கைப்பிடியோட நடுவுல 12 செ.மீ மட்டும் பெல்ட்ட நீளவாக்குல மடிச்சு, உள்ள விரல் தடிமனுக்கு ஒரு கயிறோ ரப்பர் டியூபோ வச்சு, ஓரத்த சேத்து தச்சுருங்க. தட்டையான பெல்ட்டு பாரம் ஏறுனா ஓரம் மடங்கி விரல்ல ஒரு கோடு மாதிரி அறுக்கும், உருட்டா இருந்தா பாரம் உள்ளங்கையில பரவும். ரொம்ப தடிமனா ஆக்கிராதீங்க, விரல் மூடி உள்ளங்கைய தொடலன்னா பிடி நிக்காது, குறிப்பா பொம்பளைங்க கைக்கு. மேல சுத்துறதுக்கு கேன்வாஸ் துணி நல்லாருக்கும், வேர்வை உறிஞ்சும், அழுக்கானா கழட்டி துவைக்கிற மாதிரி பட்டன் வச்சுக்கலாம்.

ஜிப்பு தைக்கிறது பெரிய விஷயம் இல்ல, ஜிப்பு டேப்பையும் துணி ஓரத்தையும் நேருக்கு நேரா வச்சு ஒரு தையல், துணிய மடக்கி மேல இருந்து இன்னொரு தையல், ரெண்டு பக்கமும். இப்ப உடம்பு ஒரு குழாய் மாதிரி ஆயிரும். பக்கவாட்டு முகம் ரெண்டுலயும் குறுக்க ஒரு பெல்ட்டு போடுங்க, 36 செ.மீ வெட்டி ரெண்டு நுனியும் ஓரத் தையலுக்குள்ள போற மாதிரி, ரெண்டு ஓரத்துல இருந்தும் 10 செ.மீ உள்ள தள்ளி ஒரு கட்டம், மிச்சம் இருக்குற 3 செ.மீ தளர்வு நடுவுல கை நுழையுற எடமாயிரும். சேது எக்ஸ்பிரஸ்ல கீழ் பெர்த்துக்கு அடியில தள்ளுன பேக்க வெளிய இழுக்குறதுக்கு இதுதான் வேணும், இது இல்லாமத்தான் எல்லாரும் ஜிப் ரன்னர பிடிச்சு இழுத்து ஜிப்ப கெடுக்குறாங்க. தோள் பெல்ட்டு வேணும்னா டி ரிங்க ஒரு துண்டு பெல்ட்டுல கோத்து அதோட வால 10 செ.மீ நீளத்துக்கு முகத்துல இறக்கி தைங்க, தோள் பெல்ட்டு 50 மில்லி அகலம், ஒன்றரை மீட்டர்.

முகத்த உடம்போட சேக்குறதுக்கு முன்னாடி ஜிப்ப பாதி திறந்து வச்சுக்குங்க, ஏன்னா உள்பக்கம் வெளிய வச்சுத்தான் தைக்கிறோம், ஜிப்பு மூடி இருந்தா திருப்ப முடியாது. முகத்துலயும் குழாய் ஓரத்துலயும் நாலு சம பாகமா குறி போட்டு, குறிக்கு குறி சேத்து கிளிப் மாட்டுங்க, துணி காயப்போடுற கிளிப்பே போதும். குண்டூசி குத்துனா பூச்சுல ஓட்டை விழுந்து அது வழியா தண்ணி இறங்கும். மூலை வர்ற எடத்துல குழாய் துணியோட ஓரத்துல 1 செ.மீ ஆழத்துக்கு கத்திரியால அஞ்சாறு வெட்டு குடுங்க, தையல் கோட்ட தாண்டக் கூடாது, அப்பதான் வளைவுல துணி படியும். ஒரு சுத்து தச்சு, சரியா இருக்கான்னு பாத்துட்டு, நாடா வச்சு ஓரத்த மூடி ரெண்டாவது சுத்து. இந்த நாடாவ விட்டுராதீங்க, உள்ள பிசிறு ஜிப்புல மாட்டும், தையலும் நாளாக நாளாக நழுவும்.

அடிக்கு சன்பேக் ஷீட்ங்கற பிளாஸ்டிக் பலகை, பிளக்ஸ் பேனர் கடைல கிடைக்கும், 4 மில்லி இல்ல 5 மில்லி, 58க்கு 28 செ.மீ வெட்டி மூலைய வளைச்சு சும்மா உள்ள போட்டாலே போதும். அட்டை போட்டா ஒரு மழைக்காலத்துக்கு வராது. பக்கத்துக்கு மெத்துனு வேணும்னா 5 மில்லி பாலித்தீன் ஃபோம் வைங்க, சாதா ஸ்பாஞ்ச் தண்ணிய குடிச்சு மஞ்சளாகி தூளா கொட்டும்.

உள் லைனிங் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்ம பையில என்ன போகும்னு நமக்குத்தான் தெரியும். கருவாடு, கருப்பட்டி, கீழக்கரை தொதல் இனிப்பு, இது மூணும் இல்லாம ஒரு பேக் ஊரத் தாண்டாது. சபுர்ல (வெளிநாட்டு வேலையில) இருந்து வந்தவங்க திரும்பிப் போறப்பவும் இதுதான் போகும். தொதல்ல இருந்து எண்ணெய் கசியும், கருப்பட்டி புழுக்கத்துல இளகும், கருவாட்டு வாடைய சொல்லவே வேணாம். அதனால லைனிங்க பேக்கோட சேத்து தைக்காம, மேல நாலு எடத்துல பட்டன் வச்சு கழட்டுற மாதிரி ஒரு தனிப்பையா பிவிசி ஷீட்ல தச்சு மாட்டுங்க, வெளிய எடுத்து சோப்பு போட்டு கழுவி காயப்போடலாம். ராமேஸ்வரத்துக்கு வர்றவங்களுக்கும் இதே பைதான், அக்னி தீர்த்தத்துலயும் கோயில் 22 தீர்த்தத்துலயும் குளிச்ச ஈர உடுப்ப அதுக்குள்ள போட்டா மத்த துணி நனையாது.

சக்கரம் வச்ச டிராலி பேக் ஏன் சொல்லலன்னு கேக்கலாம். 1970ல பெர்னார்ட் சாடோன்னு அமெரிக்காக்காரர் சூட்கேஸ்ல சக்கரம் மாட்டி வார் கட்டி இழுத்தாரு, 1972ல அதுக்கு காப்புரிமை கிடைச்சது, 1987ல ராபர்ட் பிளாத்ங்கற பைலட்டு நெட்டுக்குத்தா நிக்க வச்சு நீட்டுற கைப்பிடி மாட்டுனாரு, இன்னைக்கு எல்லாரும் இழுக்குறது அதோட வழியில வந்ததுதான். ஏர்போர்ட் தரைக்கு அது அருமை. ஆனா மணல் ரோட்டுல சின்னச் சக்கரம் உருளாது, புதையும், பேரிங்ல மணலும் உப்பும் ஏறி இறுகிரும், நீட்டுற அலுமினிய குழாய் உப்பு பூத்து பாதியில நிக்கும். அதோட டிராலி பேக் காலியாவே மூணு நாலு கிலோ வந்துரும், நம்ம தைக்கிறது ஒரு கிலோ சொச்சம், அந்த வித்தியாசத்துக்கு கருவாடு வைக்கலாம். டிராலி வச்சிருக்குறவங்க ஊருக்கு வந்து போனதும் சக்கரத்தையும் குழாயையும் நல்ல தண்ணில கழுவி துடைச்சு வைங்க.

தச்சு முடிச்சதும் நேரா பயணத்துக்கு எடுத்துட்டுப் போயிராதீங்க. 25 கிலோ அரிசி சிப்பத்த உள்ள வச்சு, கைப்பிடிய ஒரு கட்டையில மாட்டி ராத்திரி முழுக்க தொங்க விடுங்க. காலையில இறக்கி, ஒரு கைப்பிடிய மட்டும் பிடிச்சு வெடுக்கு வெடுக்குனு பக்கவாட்டுல இழுத்துட்டு, தையல் ஓட்டைய வெளிச்சத்துக்கு காட்டி பாருங்க. ஓட்டை வட்டமா இருந்தா சரி, ஒரு பக்கமா நீண்டு முட்டை மாதிரி ஆகியிருந்தா துணி இழுபடுதுன்னு அர்த்தம், உள்ள இன்னும் பெரிய துண்டு வச்சு மறுபடி தைக்கணும்.

பயன்படுத்திட்டு வந்ததும் நல்ல தண்ணில ஒரு துணிய நனைச்சு பெல்ட்டையும் ஜிப்பையும் துடைச்சு, நிழல்ல காத்தாட காய வச்சு, ஜிப்பு மேல மெழுகுவத்திய ரெண்டு தேய் தேய்ச்சு ரன்னர முன்னயும் பின்னயும் ஓட்டி விடுங்க. தேங்காயெண்ணெய் போடாதீங்க, மணல் ஒட்டும். ஜிப்பு ஓடுனதுக்குப் பின்னாடியே விரியுதுன்னா பெரும்பாலும் பல்லு கெடல, ரன்னர் வாய் பிளந்திருக்கும், குறடு வச்சு ரன்னரோட ரெண்டு ஓரத்தையும் லேசா, கொஞ்சம் கொஞ்சமா அமுக்குங்க, ஒரே அமுக்கா அமுக்குனா உடைஞ்சிரும்.

புதுசா தைக்க நேரம் இல்ல, வீட்ல கைப்பிடி பிஞ்ச பேக் ஒண்ணு கிடக்குன்னா அதையும் இந்த முறையிலேயே எழுப்பலாம். கிழிஞ்ச எடத்த மறுபடி அங்கேயே தைக்காதீங்க, அந்தத் துணி இத்துப் போச்சு. 3 மீட்டர் பெல்ட்டு வாங்கி, கிழிஞ்ச எடத்துக்கு உள்ளயும் வெளியயும் துண்டு வச்சு மூடிட்டு, பெல்ட்ட பேக்கோட அடிய சுத்தி வளையமா போட்டு, அடியில ரெண்டு கட்டம், பக்கத்துல நாலு கட்டம் குத்தூசியில கைத் தையலா போடுங்க, சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சிரும்.